நிற்குமா? கணிதம் கட்டடத்துக்குள் நுழைந்த காலம்

ரோமில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் குவிமாடம் 1590-இல் கட்டி முடிக்கப்பட்டது. மைக்கலாஞ்சலோ போட்ட வடிவத்தை ஜாக்கமோ தெல்லா போர்த்தா சற்றே மாற்றி உயர்த்தி, இரண்டே ஆண்டில் எழுப்பிய பெரும் வேலை அது. உள்விட்டம் மட்டும் சுமார் 42 மீட்டர். நூற்றைம்பது ஆண்டு கழித்து அதில் மேலிருந்து கீழாக விரிசல்கள் ஓடியிருந்தன. ரோம் நகரமே பேசத் தொடங்கிவிட்டது. அப்போது போப்பாண்டவராக இருந்த 14-ஆம் பெனடிக்ட், கட்டடம் கட்டுகிறவர்களின் யோசனையோடு நிற்காமல், 1742-இல் மூன்று கணித அறிஞர்களிடமும் அதைப் பார்க்கச் சொன்னார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்று தோன்றலாம். நம் ஊரில் மாடியில் ஒரு தளம் கூட்டிக் கட்ட வேண்டும் என்றாலே, ‘ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்டாயா’ என்கிறோம். ஆனால் அந்த 1742-க்கு முன்னால், நின்றுகொண்டிருக்கும் ஒரு கட்டடம் இன்னும் நிற்குமா என்று காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லலாம் என யாரும் பெரிதாக நினைத்ததில்லை. கட்டடம் என்பது கண்ணளவு, கையளவு, குருவிடம் கற்ற விகிதம், முன்னால் கட்டியவற்றின் அனுபவம். இவ்வளவு அகலமான வளைவுக்கு இவ்வளவு தடிப்பான சுவர் என்று ஒரு வாய்ப்பாடு இருக்கும். அது பெரும்பாலும் பலித்தது. பலிக்காதபோது விழுந்தது.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கட்டடக் கலையைப் பற்றிப் படித்தால், ரசனை மாறிய கதையைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். சுருளும் பொன்னுமாக இருந்த பரோக், ரொக்கோக்கோ பாணிகள் ஓய்ந்து, கிரேக்க, ரோமானிய எளிமை திரும்பியது என்பது அந்தக் கதை. அதற்கு ஆதாரங்கள் நிறைய. பீட்டர்ஸ்பர்கில் ராஸ்ட்ரெல்லி 1754-இல் தொடங்கிய குளிர்கால அரண்மனை பழைய ஆடம்பரத்தின் உச்சம். வெர்சாயில் கப்ரியேல் 1762-இல் தொடங்கிய பெத்தித் திரியனான் மாளிகை, நேர்கோடும் அமைதியுமாக வேறோர் உலகம். இடையில் 1757-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம், இன்று குரோவேஷியாவில் ஸ்பிளிட் எனப்படும் ஸ்பாலட்டோவில், ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் இடிந்த அரண்மனையை அளந்துகொண்டிருந்தார். எல்லாம் உண்மைதான். ஆனாலும் எனக்கு அதைவிட ஆழமான மாற்றமாகப் படுவது, ‘அழகாக இருக்குமா’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் ‘நிற்குமா’ என்ற கேள்வி தனியாக வந்து உட்கார்ந்ததுதான். அதற்கு விடை சொல்லவென்றே ஒரு புதிய மனிதரும் வந்தார். அவரைத்தான் இன்று பொறியாளர் என்கிறோம்.

முதலில் ரோம். ஒரு குவிமாடத்துக்கு என்ன கஷ்டம்? வழுவழுப்பான தரையில் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்தால், அதன் கால் வெளியே வழுக்கப் பார்க்கும். குவிமாடத்தின் எடையும் அப்படித்தான்; கீழே இறங்கும்போதே பக்கவாட்டில் வெளியே தள்ளும். சுற்றிலும் இந்தத் தள்ளல் இருப்பதால் அடிப்பகுதி விரியப் பார்க்கும். கல்லும் காரையும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. எனவே குவிமாடம் உரித்த ஆரஞ்சுச் சுளைகள் போல நெட்டுக்குத்தாகப் பிளக்கும். இதைத் தடுக்க இரும்பு வளையம் போட்டு இறுக்குவார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவார்களே, அதே யோசனை. செயின்ட் பீட்டர்ஸிலும் கட்டும்போதே இரண்டு வளையங்கள் போட்டிருந்தார்கள்.

போப்பாண்டவர் அழைத்த மூவரில் லெ ஸ்யூர், ஜாக்கியே இருவரும் பிரான்சிலிருந்து வந்த துறவிகள். நியூட்டனின் நூலுக்கு உரையெழுதிப் பதிப்பித்தவர்கள். மூன்றாமவர் ரகூஸாவை, அதாவது இன்றைய துப்ரோவ்னிக்கைச் சேர்ந்த யேசு சபைத் துறவி போஸ்கோவிச். அவர்கள் விரிசல்களை ஒவ்வொன்றாக வரைந்து கொண்டார்கள். குவிமாடம் எந்த வகையில் அசைந்தால் இந்த விரிசல்கள் வரும் என்று யூகித்தார்கள். மேலே உள்ள பாரம் இம்மியளவு இறங்கினால் அடியில் உள்ள வளையம் எவ்வளவு நீளும், இறங்கும் எடை செய்யும் வேலைக்கு இரும்பின் எதிர்ப்பு ஈடாகுமா என்று கணக்குப் பார்த்தார்கள். ஈடாகவில்லை. முப்பது லட்சம் ரோமன் பவுண்டுக்கும் மேல் பற்றாக்குறை என்றது விடை. வெளியே இன்னும் வளையங்கள் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஊர் கொதித்தது. மைக்கலாஞ்சலோவுக்குக் கணிதம் தெரியாது, ஆனாலும் குவிமாடத்தைப் படைத்தார். கணிதம் இல்லாமல் கட்டியதைக் கணிதம் இல்லாமலே செப்பனிட முடியாதா என்ற தொனியில் எதிர்ப்புகள் எழுந்தன. இதைக் கேட்டு அவர்களைப் பிற்போக்காளர்கள் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அது சரியல்ல என்பது என் எண்ணம். எதிர்ப்பாளர்கள் கேட்ட ஒரு கேள்வி மிகக் கூர்மையானது: இவ்வளவு பெரிய பற்றாக்குறை உண்மையென்றால், குவிமாடம் எப்போதோ விழுந்திருக்க வேண்டாமா? நின்றுகொண்டிருக்கும் ஒன்றை நிற்கவே முடியாது என்று ஒரு கணக்கு சொன்னால், தவறு கணக்கில்தான் இருக்க வேண்டும்.

அதைத் தீர்க்க 1743-இல் பாதுவா பல்கலைக்கழகத்திலிருந்து ஜொவானி பொலேனி வந்தார். அவர் செய்தது அழகான வேலை. வாசலில் கட்டிய தோரணக் கயிறு எப்படித் தொங்குகிறது என்று பாருங்கள். அதில் இழுவிசை மட்டும்தான் இருக்கிறது. அந்த வளைவை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கல்லில் செய்தால், அதில் அமுக்குவிசை மட்டும்தான் இருக்கும். இதை இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1670-களிலேயே சொல்லியிருந்தார். பொலேனி செயின்ட் பீட்டர்ஸ் குவிமாடத்தை மனத்தளவில் 50 சுளைகளாகப் பிரித்தார். ஒரு சுளையை மேலிருந்து கீழாக 32 துண்டாக்கி, ஒவ்வொன்றின் எடையையும் கணக்கிட்டார். அந்த எடைகளின் விகிதத்தில் 32 சிறு குண்டுகளை ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டார். நூல் எடுத்த வடிவத்தைத் தலைகீழாக்கிக் குவிமாடத்தின் வெட்டுப்படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். கோடு முழுவதும் கல்லின் தடிப்புக்குள்ளேயே அடங்கியிருந்தது. அதாவது, பாரம் தரைக்கு இறங்கக் கல்லுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. விரிசல் இருந்தாலும் குவிமாடம் விழாது.

அப்புறம் அவரும் வளையம் போடச் சொன்னார் என்பதுதான் இதில் சுவை. விரிசல் மேலும் வளராமல் இருக்க ஐந்து வளையங்கள். முதல் மூவரும் பயந்து சொன்ன மருந்தை இவர் பயப்படாமல் சொன்னார். 1743, 1744 ஆண்டுகளில் அவற்றைப் பொருத்தினார்கள். பழைய வளையம் ஒன்று அறுந்து கிடப்பது பிறகு தெரிய வந்ததால் இன்னொன்றும் சேர்ந்தது. பொலேனி எல்லாவற்றையும் 1748-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். பழைய கல்வளைவுகளை இன்று ஆராய்கிறவர்களும் அந்தத் தலைகீழ்க் கயிற்றின் தர்க்கத்தைத்தான் பின்பற்றுகிறார்கள்.

வளையங்களைப் பொருத்தும் வேலையைச் செய்தவர் லூயிஜி வன்வித்தெல்லி. பின்னால் 1752-இல் நேப்பிள்ஸ் அரசர் சார்லஸுக்காகக் கசெர்த்தாவில் அரண்மனை கட்டத் தொடங்கியவர் இவரே. நான்கு முற்றங்கள், சுமார் 1,200 அறைகள். 1759-இல் சார்லஸ் ஸ்பெயினுக்கு அரசராகப் போய்விட்டதால், தான் கட்டச் சொன்ன அரண்மனையில் அவர் குடியிருக்கவே இல்லை. அந்த அரண்மனையைவிட, அதன் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுவர வன்வித்தெல்லி அமைத்த கால்வாய்தான் என்னைக் கவர்கிறது. மலைகளைக் குடைந்தும் பள்ளங்களைத் தாண்டியும் 38 கிலோமீட்டர் வருகிறது அது. மத்தலோனி பள்ளத்தாக்கில் மூன்றடுக்கு வளைவுகளாக, அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக, 50 மீட்டருக்கு மேல் உயரமாக நிற்கிறது ஒரு நீர்ப்பாலம். அரண்மனையில் ஒரு கலைஞரைப் பார்க்கிறோம், இந்தப் பாலத்தில் ஒரு பொறியாளரைப் பார்க்கிறோம். இரண்டும் ஒரே ஆள். அந்தத் தலைமுறையில் அது இன்னும் சாத்தியமாக இருந்தது.

ஜெர்மனியின் பல்தசார் நொய்மானும் அப்படியொருவர். 1687-இல் நெசவுத்தொழில் குடும்பத்தில் பிறந்து, மணியும் பீரங்கியும் வார்க்கும் தொழில் பழகி, படைப் பொறியாளராகி, கட்டடக் கலைக்கு வந்தவர். வூர்ட்ஸ்பர்க் நகரில் ஆயர் இளவரசர்களுக்காக அவர் கட்டிய மாளிகையின் படிக்கட்டு மண்டபம்தான் அவர் பெயரைச் சொல்லும் இடம். சுமார் 19 மீட்டர் அகலமும் 32 மீட்டர் நீளமும் உள்ள மண்டபத்தின் மேல், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், ஒரே கல்வளைவு. அதுவும் உயரமாக எழும்பாத, தட்டையான வளைவு. தட்டையாக ஆக ஆக வெளித்தள்ளல் கூடும் என்பதால் இதுதான் கடினம். எடை குறைய, துளைகள் நிறைந்த இலேசான சுண்ணக்கல்லைப் பயன்படுத்தினார்.

போட்டிக் கலைஞரான ஹில்டபிராண்ட், இந்த வளைவு நின்றால் நான் இதிலேயே தூக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றதாகவும், அதற்கு நொய்மான், வளைவுக்கு அடியிலேயே பீரங்கி வெடித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும். அதில் ஓர் உண்மை இருக்கிறது: நொய்மானின் உறுதி காகிதக் கணக்கிலிருந்து வந்ததல்ல, உலோகத்தையும் கல்லையும் கோட்டைச் சுவரையும் ஆயுள் முழுக்கத் தொட்டுப் பழகிய கையிலிருந்து வந்தது. 1752, 1753-இல் அந்த வளைவு முழுவதையும் நிரப்பித் தியபோலோ ஓவியம் தீட்டினார். அதில் நொய்மானும் இருக்கிறார். சீருடையில், பீரங்கி ஒன்றின் மேல், சாவகாசமாகச் சாய்ந்திருக்கிறார். ஓவியம் முடிந்த அதே 1753-இல் அவர் இறந்தார். 1945 மார்ச் 16 இரவு குண்டுவீச்சில் வூர்ட்ஸ்பர்க் நகரம் எரிந்து, மாளிகையின் மரக்கூரை எரிந்து வளைவின் மேலேயே விழுந்தது. வளைவு தாங்கியது. ஓவியமும் தப்பியது.

இப்படிக் கையில் இருந்த அறிவைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர முடியுமா என்று முயன்ற நாடு பிரான்ஸ். 1747-இல் பாரிசில் பாலங்களுக்கும் சாலைகளுக்குமான பொறியியல் பள்ளியைத் தொடங்கிப் பெரோனே என்பவரைத் தலைவராக்கினார்கள். அடுத்த ஆண்டு மெசியரில் படைப் பொறியாளர் பள்ளி. இந்தப் பெரோனே பின்னால் மறுபடியும் வருவார்.

இனி லிஸ்பன். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். காலை ஒன்பதரை மணி தாண்டியதும் பூமி அதிர்ந்தது. திருநாள் என்பதால் தேவாலயங்கள் நிறைந்திருந்தன, பலிபீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. நிலநடுக்கம், பிறகு கடல் பொங்கி ஆற்றின் வழியே ஊருக்குள் ஏறியது, பிறகு நாள்கணக்கில் தீ. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு வசந்தத்தில்தான் திறந்துவைத்திருந்த அரச இசைநாடக அரங்கம், இத்தாலியிலிருந்து வரவழைத்த பிபியேனா கட்டியது, ஏழு மாதம்தான் வாழ்ந்தது. அரசர் முதலாம் ஜோசே அதன் பிறகு கல் கட்டடத்துக்குள் தூங்க மறுத்து, அஜூதா மேட்டில் மரத்தாலும் துணியாலும் ஆன குடியிருப்பில் வாழ்ந்தார். அந்தப் பயத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2001-இல் குஜராத்தில் நிலநடுக்கம் வந்தபோதும் பலர் வீடு நின்றிருந்தும் வெளியில்தான் படுத்தார்கள்.

நகரத்தை மீட்கும் பொறுப்பு அமைச்சர் கார்வால்யோவிடம் வந்தது. பின்னால் பொம்பால் பிரபு என்று பெயர்பெற்றவர். அவர் அழைத்தது அரண்மனைக் கலைஞர்களை அல்ல, படைப் பொறியாளர்களை. தலைமைப் பொறியாளர் மானுவல் த மாயாவுக்கு அப்போது 78 வயது. லிஸ்பனுக்குக் குடிநீர் கொண்டுவந்த ஆகுவாஸ் லிவ்ரெஸ் நீர்ப்பாலத்தில் உழைத்தவர். 1748 முதல் தண்ணீர் தந்த அந்தப் பாலம், ஆல்காந்தரா பள்ளத்தாக்கில் 65 மீட்டர் உயர வளைவோடு, நிலநடுக்கத்திலும் நின்றது. நகரமே சரிந்தபோது, தான் உழைத்தது நிற்பதைப் பார்த்த கிழவரின் பேச்சுக்கு ஒரு கனம் இருந்திருக்கும்.

ஒரு மாதம் முடிந்ததும் மாயா தம் அறிக்கையின் முதல் பகுதியைக் கொடுத்துவிட்டார். ஒரே திட்டத்தைத் திணிக்காமல், இருக்கும் வழிகளை வரிசையாக வைத்தார். இருந்தபடியே மறுபடி கட்டலாம். தெருக்களை மட்டும் அகலப்படுத்தலாம். வீடுகளின் உயரத்தைக் குறைக்கலாம். தாழ்வான பைஷா பகுதியை முழுவதும் சமன்செய்து புதிதாகத் தெருப் போடலாம். அதையெல்லாம் விட்டு நகரத்தையே பெலெம் பக்கம் மாற்றலாம். ஒவ்வொன்றிலும் என்ன லாபம், என்ன சிக்கல், யாருடைய நிலம் போகும் என்று யோசித்திருந்தார். பேரழிவு நடந்த சில வாரங்களில் 78 வயதில் இப்படி நிதானமாக எழுத முடிந்தது எனக்கு இன்றும் வியப்பு. நான்காவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். எவுஜேனியோ தோஸ் சாந்தோஸ், ஹங்கேரியிலிருந்து வந்திருந்த கார்லோஸ் மார்தெல் என்ற இரு பொறியாளர்கள் வரைபடங்களைத் தயாரித்தார்கள்.

இன்று லிஸ்பனுக்குப் போகிறவர்கள் பைஷாவின் நேர்த் தெருக்களைப் பார்க்கிறார்கள். பொற்கொல்லர் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு என்று தொழிலின் பெயரிலேயே பல இருக்கின்றன. ஒரே மாதிரி சன்னல், ஒரே உயரம். கொஞ்சம் சலிப்பாகக்கூட இருக்கும். ஆனால் விஷயம் சுவருக்குள் இருக்கிறது. தரைத்தளம் கல்வளைவுகளால் ஆனது. அதற்கு மேல், உள்சுவர்களுக்குள் ஒரு மரக்கூடு எழும்புகிறது. நிற்கும் மரங்கள், படுக்கை மரங்கள், அவற்றின் இடையில் பெருக்கல் குறிபோல் குறுக்குமறுக்காக இரண்டு சட்டங்கள். அதைப் புனித அந்திரேயாவின் சிலுவை என்பார்கள். இடைவெளிகளை உடைகல்லும் காரையும் இட்டு நிரப்பிப் பூசிவிடுவார்கள். வெளியே பார்த்தால் சாதாரணச் சுவர். இந்த அமைப்புக்கே போர்ச்சுகீசிய மொழியில் கூண்டு என்று பொருள்படும் ‘கையோலா’ என்றுதான் பெயர்.

பூமி ஆடும்போது கல்சுவர் விறைத்து நின்று உடையும். மரக்கூடு ஆட்டத்தோடு தானும் கொஞ்சம் ஆடிக்கொடுக்கும். இணைப்புகள் நெருநெருக்கும், இடையில் உள்ள காரை உதிரும், அதிலேயே அதிர்வின் வேகம் செலவாகிவிடும். பூச்சு விழலாம், ஆட்கள் பிழைத்துக்கொள்வார்கள். மாதிரிக்கூடு ஒன்றை மேடை மேல் கட்டி, சிப்பாய்களை அதைச் சுற்றிக் காலை ஓங்கி மிதித்து அணிவகுக்கச் சொல்லிச் சோதித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. ஆய்வகங்களில் இந்தச் சுவர்களை அப்படியே அமைத்து ஆட்டிப் பார்த்த பொறியாளர்கள், அந்த யோசனை சரியாகவே வேலை செய்வதை நம் காலத்தில் காட்டியிருக்கிறார்கள்.

கூட்டோடு முடியவில்லை. ஆற்றங்கரைச் சேற்று மண்ணில் பைன் மரக் கழிகளை அடித்து இறக்கி, அவற்றின் மேல் அஸ்திவாரம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், கூரைக்கு மேலும் எழும்பும் தடுப்புச் சுவர், தீ தாவாமல் இருக்க. கதவு, சன்னல் கல்சட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் முன்கூட்டியே வெட்டித் தயாராகும். வேலை விரைவாக நடக்கும். முந்தைய பேரழிவின் மூன்று தாக்குதல்களில் நடுக்கத்துக்கும் தீக்கும் ஒவ்வொன்றாக மறுமொழி சொன்ன நகரம் இது. சாந்தோஸ் 1760-இலும் மார்தெல் 1763-இலும் இறந்துவிட, கிழவர் மாயா 1768 வரை இருந்தார். பின்வந்தவர்கள் மேலே தளம் ஏற்றியதும், கடை வைக்க இடம் வேண்டும் என்று கீழே சுவர்களை எடுத்ததும் பல வீடுகளில் இந்த அமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கின்றன. சுவருக்குள் மறைந்திருப்பதால் அதன் அருமை தெரியாமல் போகிறது.

லிஸ்பன் எரிந்த அதே குளிர்காலத்தில், 1755 டிசம்பரில், இங்கிலாந்தில் எடிஸ்டன் கலங்கரை விளக்கமும் எரிந்தது. பிளிமத் கரையிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி, கடல்நீருக்கு மேல் கொஞ்சமே தலைகாட்டும் பாறை அது. அங்கே முதலில் கட்டியவர் வின்ஸ்டன்லி. 1703-இன் பெரும்புயலில் கலங்கரை விளக்கத்தோடு அவரும் போனார். இரண்டாவது மரத்தால் ஆனது, நெருப்பு கொண்டுபோனது. மூன்றாவதைக் கட்ட ஜான் ஸ்மீட்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அறிவியல் கருவிகள் செய்பவராகத் தொழிலைத் தொடங்கியவர். அப்போது வயது 31.

அவருடைய கோபுரம் அடியில் அகன்று மேலே போகப் போகக் குறுகும். ஓக் மரத்தின் அடிமரத்தைப் பார்த்து எடுத்த வடிவம். கற்களை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி, தச்சர்கள் மரத்தில் போடும் புறாவால் பூட்டுப் போலவே செதுக்கினார். ஒவ்வொரு வரிசையையும் கரையிலேயே அடுக்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் படகில் ஏற்றினார்கள். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் காரையில். பாறையில் அலை அடித்துக்கொண்டே இருக்கும். சாதாரணச் சுண்ணாம்புக் காரை காற்றில் மெல்ல இறுகுவது, தண்ணீரில் கரைந்து போய்விடும். பல ஊர்ச் சுண்ணாம்புக்கற்களை வரவழைத்துச் சுட்டு, நீற்றி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். கடினமான கல்தான் நல்ல சுண்ணாம்பு தரும் என்பது அதுவரை நம்பிக்கை. ஸ்மீட்டன் கற்களை அமிலத்தில் கரைத்தார். களிமண் கசடு மிஞ்சும் கல்லிலிருந்து வரும் சுண்ணாம்பே தண்ணீருக்குள் இறுகுகிறது என்று கண்டார். வேல்ஸ் நாட்டு அபர்தாவ் சுண்ணாம்பையும் இத்தாலியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பலையும் கலந்து காரை செய்தார்.

1759 அக்டோபர் 16-இல் அங்கே 24 மெழுகுவத்திகளை ஏற்றினார்கள். அவர் காட்டிய வழியில் பலர் சோதனை செய்துதான் கடைசியில் 1824-இல் ஆஸ்ப்டினின் போர்ட்லாண்ட் சிமென்ட் உரிமம் வந்தது. இன்று நம் தெருமுனைக் கடையில் மூட்டையாக அடுக்கியிருக்கும் பொருளுக்கு அந்தப் பாறையோடு உறவு உண்டு. கோபுரத்துக்கு நூறு ஆண்டு தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை. அடியில் இருந்த பாறையைத்தான் கடல் அரித்தது. அதனால் மேல்பகுதியைப் பிரித்தெடுத்துப் பிளிமத் கரையில் மறுபடி நிறுத்தினார்கள். அடிக்கட்டை மட்டும் இன்றும் கடலில் நிற்கிறது. ஸ்மீட்டன்தான் தம்மை சிவில் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டவர். படைப் பொறியாளர் அல்ல, கட்டடக் கலைஞரும் அல்ல என்பதைச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது.

கலைஞரும் பொறியாளரும் பிரிகிற இடத்தில் உண்டான வலி, பாரிசின் பாந்தியோனில்தான் முழுதாகத் தெரிகிறது. 1744-இல் கடும் நோயில் விழுந்த 15-ஆம் லூயி, பிழைத்தால் நகரின் காவல் புனிதை ஜெனவியெவுக்குப் புதுக்கோவில் கட்டுவதாக வேண்டிக்கொண்டார். அந்தக் கோவில்தான் பின்னால் பாந்தியோன் ஆனது. 1755-இல் அந்த வேலை கட்டடக் கலைஞர் சூஃப்லோவிடம் வந்தது. அவர் ஒரு விசித்திரக் கலவையை விரும்பினார். வெளியே கிரேக்கக் கோவிலின் கம்பீரம், உள்ளே கோதிக் தேவாலயங்களின் இலேசு. கோதிக்கைக் காட்டுமிராண்டிப் பாணி என்று பலரும் இகழ்ந்த காலத்தில், 1741-லேயே லியோன் அகாதமியில் அதைப் பாராட்டிப் பேசியவர் அவர். தடித்த சுவர் வேண்டாம், மெல்லிய தூண்கள் போதும், வெளிச்சம் உள்ளே பாயட்டும் என்பது கனவு.

தொடங்கும்போதே சோதனை. 1758-இல் அஸ்திவாரம் தோண்டினால், ரோமானியர் காலத்தில் களிமண் எடுத்த ஆழ்குழிகள் அடியெல்லாம் இருந்தன. அவற்றை நிரப்பவே ஆண்டுகள் ஓடின. 1764-இல் அரசர் அடிக்கல் நாட்ட வந்தபோது, முகப்பு முழுவதையும் உண்மை அளவில் துணியில் வரைந்து நிறுத்திக் காட்டினார்கள்.

1770-இல் பியேர் பத் என்ற கட்டடக் கலைஞர் வெளிப்படையாக ஒரு நூல் எழுதி, நடுக் குவிமாடத்தைத் தாங்க வேண்டிய நான்கு தூண்தொகுதிகளும் போதவே போதாது என்றார். ரோமின் செயின்ட் பீட்டர்ஸோடும் லண்டனின் செயின்ட் பால்ஸோடும் ஒப்பிட்டு, பழைய விகிதப்படி இவை மிகவும் மெலிவு என்று காட்டினார். சூஃப்லோவுக்கு ஆதரவாகப் பொறியாளர்கள் வந்தார்கள். பெரோனே எழுதிய கடிதத்தில், கோதிக் கட்டடத்தை உயிருள்ள உடம்போடு ஒப்பிட்டார்: எலும்புபோல மெல்லிய தூண்களும் வளைவுகளும் தாங்க, இடையில் உள்ள கல் சதைபோல மெலிதாக இருந்தால் போதும். அவருடைய பள்ளியில் பயின்ற கொத்தே, கல்லை நசுக்கிப் பார்க்க ஒரு நெம்புகோல் கருவியே செய்தார். சிறு கல்கட்டிகளை அதில் வைத்து எவ்வளவு பாரத்தில் நொறுங்குகின்றன என்று அளந்தார். தூண்களில் விழப்போகும் பாரம் அதைவிட எவ்வளவோ குறைவு என்று 1771-இல் பதில் எழுதினார்.

பெரிய வளைவுகளைக் கட்டி முடித்து, 1776-இல் சென்ட்ரிங் பிரித்தபோது, தூண்களில் கற்களின் விளிம்புகள் சிதறத் தொடங்கின. விரிசல்கள் வந்தன. பத் சொன்னது பலித்துவிட்டது என்று பேச்சு. சூஃப்லோ 1780-இல், குவிமாடம் எழும்புவதைப் பார்க்காமலே இறந்தார். அந்த ஏச்சுகள் அவர் ஆயுளைக் குறைத்தன என்பார்கள். அவருக்குப் பிறகு அவரிடம் வேலை பார்த்த ரொந்தலே கட்டடத்தை 1790-இல் முடித்தார். அடுத்த ஆண்டே புரட்சி அரசு அதைப் பெரியோர் நினைவகமாக்கி, வெளிச்சத்துக்கென்று சூஃப்லோ வைத்த சன்னல்களைச் சுவர் வைத்து அடைத்தது. இன்று உள்ளே போனால் தெரியும் இருட்டு அவருடையது அல்ல.

சரி, கணக்குப் போட்டவர்கள் எங்கே தவறினார்கள்? கல்லின் வலிமையைச் சரியாகத்தான் அளந்திருந்தார்கள். ரொந்தலே தேடிக் கண்டது வேறு. வெளியிலிருந்து பார்க்க இணைப்புகள் மயிரிழை போல நேர்த்தியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, கல்தச்சர்கள் ஒவ்வொரு கல்லின் மேல்தளத்தையும் விளிம்பில் மட்டும் சமமாக விட்டு, உள்ளே சற்றுக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். குழியில் காரை நிரம்பியது. பாரம் ஏறியதும் காரை அமுங்கிக்கொடுத்தது. முழுத்தளத்திலும் பரவ வேண்டிய எடை விளிம்பு ஓரத்துக்கு மட்டும் போய்விட்டது. கொத்தே சோதித்த கட்டிகள் முழுத்தளத்தில் நின்றவை. தூணில் இருந்த கல்லோ விளிம்பில் நின்றது.

1806-க்குப் பிறகு ரொந்தலே அந்த நான்கு தூண்தொகுதிகளையும் கல் சேர்த்துத் தடிப்பாக்கினார். சூஃப்லோ தனித்தனியாக நிறுத்தியிருந்த மெல்லிய தூண்கள் அந்தத் தடித்த கட்டுமானத்துக்குள் அமுங்கிப் போயின. 1829-இல் சூஃப்லோவின் உடலை அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். நிலத்தடியில் அவர் கல்லறை இருக்கிறது. மேலே, குவிமாடத்துக்கு நேர் கீழே, பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோவின் ஊசலின் நகல் ஆடுகிறது. அதைச் சுற்றி நிற்கிறவர்கள் முதுகைச் சாய்த்துக்கொள்வது ரொந்தலே தடிப்பாக்கிய அந்தத் தூண்களில்தான்.